சுடோகுவும் அப்பாவும் அம்பது பர்சன்ட் வரியும்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. பொட்டி தட்டறவன் பொழப்பு உங்களுக்குத் தெரியாததா!

இன்னிக்கு ஒரு வரலாற்றுப் பதிவு. ஓடாதீங்க, ஓடாதீங்க... பானிபட் போர், அசோகர் மரம் நட்டது எல்லாம் கிடையாது. பேப்பர்ல ஒரு மூலையில தினமும் வருதே 9க்கு 9 கட்டம், அதோட வரலாறு. நடுநடுவுல எங்கப்பா வருவார். அவர் இல்லாம எனக்கு இந்தக் கதையைச் சொல்லத் தெரியாது.

சரி, கொசுவத்தியைச் சுத்திக்கறேன். 2025 செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலை. எடம், குண்டடத்துல எங்க வீட்டு ஆசாரம். (குண்டடம் தெரியாதவங்களுக்கு: பல்லடத்துல இருந்து தாராபுரம் போற வழியில இருக்கு. வடுகநாதர் கோயில், கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் காத்தாலை, மழை பேஞ்சா மக்காச்சோளம், பேயலைன்னா வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது. அவ்ளோதான் எங்கூரு.)

நான் பெங்களூர்ல இருந்து சனிக்கிழமை ராத்திரிதான் வந்திருந்தேன். அப்பா பேப்பரை நாலா மடிச்சு, தொடையில ஒரு அட்டையை வெச்சு, காதுல சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். அவர் திருப்பூர்ல முப்பது வருஷமா கட்டிங் மாஸ்டர். காதுல பென்சில் இல்லாம அவரைப் பாத்தா எங்களுக்கே அடையாளம் தெரியாது.

"வா கண்ணு, இன்னிக்கு அஞ்சு ஸ்டார் போட்டுருக்கான். பாப்போம்."

மொத்தம் 81 வீடு (கட்டத்தை அப்பா வீடுன்னுதான் சொல்லுவார், தாயக்கட்டை பழக்கம்). அதுல 24 நம்பர்தான் குடுத்திருந்தாங்க. மீதி 57 வீடும் காலி.

அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. சந்தேகமா இருந்தா எழுதக் கூடாது. "இது 3 ஆ இருந்தா என்னாகும்"னு போட்டுப் பாத்து அழிக்கற வேலையே ஆகாது. ஏன்னு ஒரு தடவை கேட்டேன். "துணியை லே போட்டு மெஷினை வெச்சு இழுத்துட்டா பொறவு ஒட்ட முடியுமா? வெட்டறதுக்கு முன்னாடியே யோசிக்கோணும்"னார். அழிரப்பர் வெச்ச பென்சில்தான், ஆனா அந்த ரப்பர் இன்னும் புதுசாவே இருக்கு!

மொத பத்து நிமிஷம் ஊர்ச் சமாச்சாரம் ஓடுச்சு. பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில தெருநாய் பூந்து ஆட்டைக் கடிச்சுப் போட்டது, பிஏபி வாய்க்கால்ல தண்ணி எப்ப வுடுவாங்கங்கறது, எங்க அத்தை பேத்திக்கு மொட்டை எங்க எடுக்கறதுங்கறது. பேச்சு பாட்டுக்குப் பேச்சு, பென்சில் பாட்டுக்குப் பென்சில். எட்டு வீடு ரொம்பிடுச்சு.

"இதைக் கண்டுபுடிச்சவன் ஜப்பான்காரனா சைனாக்காரனா?"ன்னார்.

வசமா மாட்டுனார் மனுசன். எனக்கு அந்தக் கதை தெரியும்ல :)

ஜப்பானும் இல்ல, சைனாவும் இல்ல

பேருதான் ஜப்பான். ஆளு அமெரிக்கா. ஹாவர்ட் கார்ன்ஸ்னு ஒருத்தர், இண்டியானா மாநிலத்துக்காரர், கட்டடம் வரையற ஆர்க்கிடெக்ட். ரிட்டயர்டு ஆன பிறகு, 74 வயசுல இந்தப் புதிரைக் கண்டுபுடிச்சார். 1979 மே மாசம் டெல் கம்பெனியோட புதிர்ப் பத்திரிகையில 'நம்பர் பிளேஸ்'ங்கற பேர்ல மொத தடவையா வந்துச்சு. அப்ப சுடோகுங்கற பேரே கிடையாது.

அந்தப் பக்கத்துல அவர் பேர் போடல. பொறவு எப்படித் தெரிஞ்சுது? நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையோட புதிர் ஆசிரியர் வில் ஷார்ட்ஸ் பழைய இதழ்களை எல்லாம் எடுத்து வெச்சுப் பாத்தார். ஒவ்வொரு இதழ்லயும் அந்த மாசம் புதிர் எழுதிக் குடுத்தவங்க பட்டியல் இருக்கும். எந்தப் புதிரை யார் போட்டாங்கன்னு இருக்காது, மொத்தமா பேர் மட்டும். 'நம்பர் பிளேஸ்' வந்த இதழ்ல எல்லாம் கார்ன்ஸ் பேர் இருந்துச்சு. வராத இதழ்ல அவர் பேர் இல்ல. அவ்ளோதான், ஆளு சிக்கிட்டார்.

கவனிச்சீங்களா? சுடோகுவைக் கண்டுபுடிச்சவரையே சுடோகு போடற மாதிரிதான் கண்டுபுடிச்சிருக்காங்க. இங்க வரும், இங்க வராது, அப்ப மிச்சம் இவர்தான்!

கார்ன்ஸ் 1989லயே செத்துப் போயிட்டார். உலகமே பைத்தியமாத் திரிஞ்சது 2005ல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது.

"ஒரு பைசா வந்திருக்காதே..."ன்னார் அப்பா. ஆமாங்ப்பான்னேன். அஞ்சு செகண்டு பேசாம இருந்துட்டு, நடுக் கட்டத்துல ஒரு 7 போட்டார்.

கார்ன்ஸுக்கும் முன்னாடி பிரான்ஸ் பத்திரிகைகள்ல இதுக்கு ஒண்ணுவிட்ட பங்காளி மாதிரி புதிர்கள் வந்திருக்கு. 1892ல 'லெ சியெக்ல்' பத்திரிகையில 9க்கு 9 கட்டம், பாதி ரொப்பி, மீதியை நீ ரொப்புன்னு போட்டாங்க. ஆனா அது கூட்டுத்தொகை வர்ற மாயச் சதுரம். 1895ல 'லா பிரான்ஸ்' பத்திரிகையில இப்ப இருக்கற சுடோகுவுக்கு ரொம்பக் கிட்ட வந்த ஒண்ணு வந்துச்சு. முதல் உலகப்போர் வந்த காலத்தோட அதுவும் காணாம போச்சு. அதனால "மொத மொத யாரு"ங்கற கேள்விக்கு ஒத்தை வரியில பதில் கிடையாது. இப்ப இருக்கற உருவத்துல குடுத்தது கார்ன்ஸ், அது வரைக்கும் உறுதி.

கண்ணு தெரியாத ஆய்லரும் நம்ம மக்காச்சோளக் காடும்

வேர் இன்னும் பின்னாடி போகுது. ஸ்விட்சர்லாந்துல பொறந்த கணித மேதை ஆய்லர். கடைசிக் காலத்துல அனேகமா கண்ணே தெரியாம ரஷ்யாவுல உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்தவர். 1782ல அச்சான ஒரு கட்டுரையில ஒரு விளையாட்டைச் சொல்றார். ஒரு கட்டத்துல ஒவ்வொரு படுக்கை வரிசையிலயும், ஒவ்வொரு நெட்டு வரிசையிலயும் ஒரு எழுத்து ஒரே தடவைதான் வரோணும். லத்தீன் எழுத்தை வெச்சுப் பண்ணதால அதுக்கு லத்தீன் சதுரம்னு பேராச்சு. சுடோகுங்கறது 9க்கு 9 லத்தீன் சதுரம், அதுக்குள்ள 3க்கு 3 சின்னக் கட்டத்துலயும் 1ல இருந்து 9 வரைக்கும் வரோணும்ங்கற கூடுதல் சட்டம். இந்தச் சின்னக் கட்டம் ஆய்லர்கிட்ட கிடையாது.

"வெட்டியா உக்காந்து போட்ட கணக்கு"ன்னு தோணும். அப்பாவுக்கும் தோணுச்சு. அங்கதான் மக்காச்சோளம் வருது.

ஒரு காட்டுல நாலு ரக வெதையை வெதச்சுப் பாத்து எது நல்லா வெளையுதுன்னு கண்டுபுடிக்கோணும்னு வைங்க. கெழக்க நல்ல மண்ணு, மேக்க சுண்ணாம்புக் கல்லு. வடக்க தண்ணி தங்கும், தெக்க காஞ்சு கெடக்கும். ஒரு ரகத்தைக் கெழக்க மட்டும் போட்டா, வெளைஞ்சது வெதையாலயா மண்ணாலயா? தெரியாது. அதனால காட்டை 4க்கு 4ஆப் பிரிச்சு, எல்லா வரிசையிலயும் எல்லா ரகமும் ஒரு தடவை வர்ற மாதிரி போடோணும். மண்ணோட ஓரவஞ்சனை சமமாயிடும். இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் பண்ணையில ரொனால்டு ஃபிஷர் 1920கள்ல இந்த மாதிரி வயல் சோதனைகளுக்கு லத்தீன் சதுரத்தைப் பயன்படுத்துனார். இன்னிக்கும் வேளாண்மை படிக்கற பசங்க பாடத்துல 'லத்தீன் சதுர அமைப்பு' உண்டு. உங்க பக்கத்துல யாராவது அக்ரி படிச்சிருந்தா கேட்டுப் பாருங்க, தலையில கை வெச்சுக்குவாங்க.

அப்பா நிமிர்ந்து பாத்தார். "அட, இது கணக்காத்தான் இருக்குது"ன்னார். எங்கூர்ல கணக்கா இருக்குதுன்னா சரியா இருக்குதுன்னு அர்த்தம்.

இதே எடத்துல ரெண்டு இந்தியர்களைப் பத்திச் சொல்லியே ஆவணும். ஆய்லர் ஒரு புதிரும் போட்டிருந்தார். 6 படைப்பிரிவு, 6 பதவி, மொத்தம் 36 அதிகாரிகள். ஒவ்வொரு வரிசையிலயும் எல்லாப் பிரிவும் எல்லாப் பதவியும் ஒரு தடவை வர்ற மாதிரி நிக்க வைக்க முடியுமா? முடியாதுன்னார். 6 மட்டும் இல்ல, 10, 14, 18னு போற எந்தச் சதுரத்துக்கும் முடியாதுன்னு யூகமும் சொன்னார். 6க்கு முடியாதுங்கறதை 1900ஐ ஒட்டி காஸ்தோன் தாரி நிரூபிச்சார். மீதிக்கும் அப்படித்தான் இருக்கும்னு கிட்டத்தட்ட 177 வருஷம் நம்பிட்டு இருந்தாங்க.

1959ல ஆர்.சி.போஸும் எஸ்.எஸ்.ஸ்ரீகண்டேவும் 22க்கு 22 சதுரத்துல பண்ணிக் காட்டிட்டாங்க. கூட எர்னெஸ்ட் பார்க்கர்னு ஒரு அமெரிக்கர் 10க்கு 10 பண்ணிக் காட்டுனார். அப்புறம் மூணு பேரும் சேந்து, 6க்கு மேல ஆய்லர் முடியாதுன்னது எல்லாமே முடியும்னு நிரூபிச்சாங்க. நியூயார்க் டைம்ஸ்ல மொதப் பக்கத்துல சேதி வந்துச்சு. மூணு பேருக்கும் 'ஆய்லரைக் கெடுத்தவர்கள்'னு பட்டப்பேரு வேற! போஸ், மகலனோபிஸ் கல்கத்தாவுல 1931ல ஆரம்பிச்ச இந்தியப் புள்ளியியல் கழகத்துல வயல் சோதனைக்கான கட்டங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி வளந்தவர். ஸ்ரீகண்டே 102 வயசு வரைக்கும் இருந்து 2020 ஏப்ரல்லதான் காலமானார்.

'சுடோகு நம்மாளு கண்டுபுடிச்சது' வகையறா

இந்த எடத்துல அப்பா போனை எடுத்து ஒரு வாட்ஸப் சேதியைக் காட்டுனார். சுடோகு ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடியே நம்ம கோயில்ல இருந்துச்சாம், வெள்ளைக்காரன் திருடிட்டானாம். அவ்வ்வ்வ்!

நம்மகிட்ட இருந்தது மாயச் சதுரம். எந்தப் பக்கம் கூட்டுனாலும் ஒரே தொகை வரும். கஜுராஹோவுல பார்சுவநாதர் கோயில்ல 4க்கு 4 சதுரம் செதுக்கியிருக்கு, எப்படிக் கூட்டுனாலும் 34. 1356ல நாராயண பண்டிதர் எழுதுன 'கணித கௌமுதி'யில மாயச் சதுரம் போடற முறைகளுக்குன்னே ஒரு அத்தியாயம் இருக்கு. அவ்ளோ தூரம் எதுக்கு, 1887ல நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜனோட நோட்டுப் புத்தகத்துல மொத அத்தியாயமே மாயச் சதுரம்தான்.

இதுவே பெருமைப்பட்டுக்கப் போதும். ஆனா இதுல கூட்டல் இருக்கு, சுடோகுவுல கூட்டலே கிடையாது. எண்ணுக்குப் பதிலா ஒம்போது ரகப் பூவையோ ஒம்போது கலர் பனியனையோ வெச்சாக் கூட சுடோகு நடக்கும். ரெண்டும் வேற வேற ஆட்டம். இல்லாததைச் சொல்லித் தம்பட்டம் அடிச்சா இருக்கறதுக்கும் மதிப்பு போயிடும்னு அப்பாகிட்டச் சொன்னேன். "அதைப் பார்வேர்டு பண்ணது உங்க மாமாதான், அவருகிட்டச் சொல்லு"ன்னுட்டார். நான் அப்பீட்டு.

குதிரைப் பந்தயத்துக்கு நேரமாச்சு

இப்ப ஜப்பான். மாகி காஜின்னு ஒருத்தர், காலேஜைப் பாதியில விட்டவர். நண்பர்களோட சேந்து 1980ல நிக்கோலின்னு ஒரு புதிர்ப் பத்திரிகை ஆரம்பிச்சார். பேரே ஒரு பந்தயக் குதிரையோட பேருதான்! அமெரிக்கப் பத்திரிகையில 'நம்பர் பிளேஸ்' கண்ணுல பட்டு, 1984ல தன் வாசகர்களுக்குக் குடுத்தார். எண்கள் எல்லாம் ஒண்டிக்கட்டையாத்தான் இருக்கணும்ங்கற அர்த்தத்துல நீளமா ஒரு ஜப்பானியப் பேரு. குதிரைப் பந்தயத்துக்குக் கெளம்புற அவசரத்துல வெச்ச பேருன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்கார். அந்த நீளமான பேரோட சுருக்கம்தான் சுடோகு.

நிக்கோலி பண்ண முக்கியமான வேலை வேற. ரெண்டு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. குடுக்கற எண் 32க்கு மேல போகக் கூடாது. குடுத்த எண்கள் உக்காந்திருக்கற எடம் ரெண்டு பக்கமும் ஒத்த மாதிரி இருக்கணும், அதாவது தாளைத் தலைகீழாத் திருப்புனாலும் அதே கோலம். அப்புறம் அவங்க புதிர் எல்லாம் மனுசன் கையால போடறது. அடுத்து நீ எங்க பாப்பேன்னு யோசிச்சு ஒரு ஆளு வெச்ச வழி.

காஜி ஜப்பானுக்கு வெளியில அந்தப் பேரைப் பதிவு பண்ணி வைக்கல. உலகம் பூரா புஸ்தகம் புஸ்தகமா வித்தப்ப அவருக்குப் பெருசா எதுவும் வரல. 2021 ஆகஸ்ட்ல 69 வயசுல காலமானார். இதுல ஒரு கூத்து, ஜப்பான்ல அந்தப் பேரு நிக்கோலிக்குச் சொந்தம்ங்கறதால மத்த கம்பெனிக்காரங்க பழைய அமெரிக்கப் பேரான 'நம்பர் பிளேஸை'ச் சுருக்கி வெச்சுக்கிட்டாங்க. ஜப்பான்ல அமெரிக்கப் பேரு, அமெரிக்காவுல ஜப்பான் பேரு!

நாலு மூலைச் சமாச்சாரம்

இதுக்குள்ள புதிர் முக்காவாசியில முட்டிக்கிட்டு நின்னுடுச்சு. ஒத்தை வீடு எதுவும் தெரியல. ஜோடியும் சிக்கல. (ஜோடின்னா: ஒரே வரிசையில ரெண்டு வீட்டுக்கு 2, 6 மட்டும்தான் பொருந்தும்னா, எது எங்கன்னு தெரியலைன்னாலும் அந்த வரிசையில வேற வீட்டுல 2, 6 வராதுன்னு தெரிஞ்சுடும்.)

அம்மா ரெண்டாவது காபி கொண்டு வந்து வெச்சுட்டுப் போனாங்க. அப்பா காதுல பென்சிலைச் சொருகிட்டு வெறிச்சுப் பாத்துட்டு இருந்தார். அப்பறம் மெதுவா,

"நாளைக்கு வரச் சொல்லல கண்ணு"ன்னார்.

எனக்குப் புரியல. "எதுக்குங்ப்பா?"

"கம்பெனிக்குத்தான். அமெரிக்கா ஆர்டர் நிக்குது. வாரத்துல மூணு நாள் வந்தாப் போதும்னுட்டாங்க. அம்பது பர்சன்ட்டு வரி போட்டா அவன் எப்படி வாங்குவான்? அம்மாகிட்ட இன்னும் சொல்லல."

2025 ஆகஸ்ட் 27ல இருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்குனது பேப்பர்ல நானும் படிச்சதுதான். பெங்களூர்ல அது ஒரு தலைப்புச் செய்தி, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயாச்சு. ஆசாரத்துல அது காபி டம்ளர் பக்கத்துல உக்காந்திருந்துச்சு.

என்ன பேசறதுன்னு தெரியல. "பாத்துக்கலாங்ப்பா"ன்னேன். அவர் தலையாட்டிட்டு, கட்டத்துல ஒரு எடத்தைக் காட்டுனார். "இங்க பாரு, 4."

மூணாவது படுக்கை வரிசையில 4 வர்றதுக்கு ரெண்டே வீடு. ரெண்டாவது, ஏழாவது. எட்டாவது வரிசையிலயும் அதே ரெண்டாவது, ஏழாவது. மேல இடதுன்னா கீழ வலது, மேல வலதுன்னா கீழ இடது. எதுன்னு தெரியாது. ஆனா எப்படி விழுந்தாலும் அந்த ரெண்டு நெட்டு வரிசையிலயும் வேற எங்கயும் 4 வர முடியாது. இதுக்கு இங்கிலீஷ்காரன் எக்ஸ்-விங்னு பேர் வெச்சிருக்கான். அப்பா அதைப் படிச்சதே இல்ல, தானாக் கண்டுபுடிச்சு 'நாலு மூலைச் சமாச்சாரம்'னு பேர் வெச்சிருக்கார். அதை வெச்சு ரெண்டு 4ஐ அடிச்சதும் அடைச்ச வாய்க்கால் தொறந்த மாதிரி மடமடன்னு ஒம்போது வீடு ரொம்புச்சு.

ஒரு சந்தேகம் எனக்கு. மூஞ்சிக்கு நேரா உக்கார வெச்சு "வேலை எப்படிப் போகுதுங்ப்பா"ன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாரா? "போவுது"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சிருப்பார். ரெண்டு பேரு கண்ணும் கட்டத்துல இருந்ததாலதான் சொன்னார்.

பேசிக்கிட்டே போடறவங்க

சுடோகுவும் வேற வேலையும் சேந்து ஓடுன கதைகள் நிறைய. 2005ல பிரிட்டிஷ் ஏர்வேஸ், விமானம் ஏறும்போதும் எறங்கும்போதும் சிப்பந்திகள் சுடோகு போடக் கூடாதுன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. 2008ல சிட்னியில ஒரு போதைமருந்து வழக்கு. மூணு மாசம் நடந்து, நூத்துக்கு மேல சாட்சி விசாரிச்சாச்சு. ஜூரிங்க விழுந்து விழுந்து குறிப்பு எடுக்கறாங்கன்னு எல்லாரும் நெனச்சிருக்காங்க. பாத்தா சில பேரு மேல இருந்து கீழ எழுதறாங்க. சுடோகு! விசாரணையையே ரத்து பண்ணிட்டாங்க, பத்து லட்சம் டாலருக்கு மேல தண்டம்.

நல்ல உதாரணமும் இருக்கு. இங்கிலாந்துல சைமன் ஆண்டனி, மார்க் குட்லிஃப்னு ரெண்டு பேரு பயங்கரக் கஷ்டமான சுடோகுக்களைப் பேசிக்கிட்டே போட்டு வீடியோவா விடறாங்க. 2020 மே, ஊரே லாக்டவுன்ல கெடந்தப்ப மிட்செல் லீங்கறவர் போட்ட ஒரு புதிர் வந்துச்சு. குடுத்த எண் ரெண்டே ரெண்டு! கூட சதுரங்கத்துல இருந்து எடுத்த சில கூடுதல் சட்டம். சைமன் மொதல்ல இது கிண்டலுன்னு நெனச்சார். கொஞ்ச நேரத்துல அவர் முகத்துல வந்த ஆச்சரியத்தைப் பல லட்சம் பேரு பாத்தாங்க. விடை யாருக்கும் வேணாம். ஒருத்தர் யோசிக்கறதைப் பக்கத்துல உக்காந்து கேக்கறதுதான் வேணும்.

நான் பண்ண தப்பு

இப்ப எம்மேல இருக்கற ஒரு பழைய பாவத்தை ஒத்துக்கணும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள் அப்பா இதே மாதிரி ஒரு அஞ்சு ஸ்டாரோட மல்லுக்கட்டிட்டு இருந்தார். நான் ஒரு சுடோகு சால்வர் எழுதி வெச்சிருந்தேன். பெரிய வித்தையெல்லாம் இல்ல, காலேஜ்ல சொல்லித் தர்ற பேக்டிராக்கிங்தான், அம்பது வரி வராது. (சிங்கப்பூர் பிரதமரா இருந்த லீ சியன் லூங் கூட தான் சி++ல எழுதுன சுடோகு சால்வரை 2015ல வெளியிட்டார். நமக்கு அந்தப் பெருமை வேற!) போன்ல எண்ணை எல்லாம் தட்டினேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள விடை. "பாருங்ப்பா"ன்னு மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன்.

அப்பா பாத்தார். "ம், சரி"ன்னார். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அப்புறம் பல வாரத்துக்கு அவர் சுடோகு பக்கமே போகலைன்னு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரால இந்தப் புதிர் கெட்டுப் போச்சுன்னு சொல்ல வரல. உண்மை தலைகீழ். வேய்ன் கூல்டுன்னு ஒருத்தர், நியூசிலாந்துக்காரர், ஹாங்காங்ல நீதிபதியா இருந்து ஓய்வு பெத்தவர். 1997ல டோக்கியோவுல ஒரு புஸ்தகக் கடையில சுடோகுவைப் பாத்தார். ஜப்பான் மொழி தெரியாது, ஆனா காலிக் கட்டத்தைப் பாத்ததும் கை அரிச்சிருக்கு. அப்புறம் ஆறு வருஷம் உக்காந்து, புதிர் தயாரிக்கற புரோகிராம் எழுதினார். 2004 நவம்பர் 12ஆம் தேதி லண்டன் டைம்ஸ்ல மொதப் புதிர் வந்துச்சு. பத்திரிகைகளுக்கு இலவசமாவே குடுத்தார், தன் மென்பொருள் பேரைப் போட்டாப் போதும்னார். மறு வருஷமே காட்டுத்தீ. நம்மூர் இங்கிலீஷ் பேப்பருக்கு வந்து, தமிழ்ப் பேப்பருக்கு வந்து, குண்டடத்துல எங்கப்பா தொடை வரைக்கும் வந்துச்சு. 2008ல உலகப் போட்டியே கோவாவுல நடந்துச்சு, 2017ல பெங்களூர்ல.

அதாவது கூல்டும் புரோகிராம்தான் எழுதினார், நானும் புரோகிராம்தான் எழுதினேன். அவருது கேள்வி போடற புரோகிராம். என்னுது பதில் சொல்ற புரோகிராம். (புதிருக்கு ஒரே ஒரு விடைதான் இருக்குதான்னு பாக்க அவர் புரோகிராமுக்குள்ளயும் ஒரு சால்வர் வேணும். ஆனா அது சமையக்கட்டுலயே இருந்துக்கும், பந்திக்கு வராது.)

கம்ப்யூட்டர் இல்லாம தெரிஞ்சிருக்கவே முடியாத விஷயமும் இருக்கு. ரொப்பி முடிச்ச சுடோகுக் கட்டம் மொத்தம் எத்தனை விதம்? 6,670,903,752,021,072,936,960. 2005ல ஃபெல்கன்ஹவர், ஜார்விஸ்னு ரெண்டு பேரு கணக்குப் போட்டாங்க. குறைஞ்சது எத்தனை எண் குடுத்தா ஒரே விடை வரும்? 17. 16 எண்ணுல முடியவே முடியாதுன்னு 2012ல அயர்லாந்துல கேரி மெக்குவயர் குழு நிரூபிச்சாங்க. சும்மா இல்ல, 71 லட்சம் மணி நேரக் கம்ப்யூட்டர் வேலை! அந்த உழைப்பை நான் மதிக்கறேன். அது யாருக்கும் தெரியாத பதில். நான் அப்பாவுக்குச் சொன்னது, அவரே கண்டுபுடிக்க இருந்த பதில்.

மிச்சக் கதை

அந்த ஞாயித்துக்கிழமைப் புதிர் மத்தியானச் சோத்துக்கு முன்னாடி முடிஞ்சுது. கடைசி வீடு 8. என்னைப் போடச் சொன்னார். சாப்படறப்ப அம்மாகிட்ட அவரே கம்பெனி விஷயத்தைச் சொல்லிட்டார். அம்மா "எனக்குப் போன வாரமே தெரியும், டிபன் பாக்ஸைத் தொடாமத் தோட்டத்துக்குப் போனீங்களே"ன்னாங்க. அம்மாதான் எல்லாருக்கும் மேல பெரிய சால்வர்!

பெங்களூர் போனதும் ஒரு வேலை பண்ணேன். பழைய சால்வரை உள்ள தள்ளி, புதிர் தயாரிக்கற புரோகிராம் எழுதினேன். பேப்பர்ல வர்ற கட்டம் அப்பா கண்ணுக்கு இப்ப ரொம்பச் சிறுசு. அதனால ஒரு தாளுக்கு ஒண்ணு, பெரிய எழுத்துல, முப்பது புதிர். விடைப் பக்கம் கிடையாது. அடுத்த தடவை வந்தப்ப ஊர்ல ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, கிளிப் போட்டுக் குடுத்தேன்.

மூணு போட்டுப் பாத்துட்டுச் சொன்னார்: "கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா எண்ணை இப்படிக் கண்டமேனிக்கு இறைச்சு வெச்சிருக்கிறியே. பேப்பர்க்காரன் ரெண்டு பக்கமும் ஒத்தாப்புல வெப்பான், பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்."

நிக்கோலிக்காரன் நாப்பது வருஷம் முன்னாடி சொன்ன அதே கண்டிஷன்! கட்டிங் மாஸ்டர் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒத்து வரலைன்னா உறுத்தாதா என்ன. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிட்டேன்.

அப்பா இப்ப உள்நாட்டு ஆர்டர் பண்ற ஒரு சின்ன யூனிட்டுக்குப் போறார். சம்பளம் கம்மி, ஆனா ஆறு நாளும் வேலை இருக்குது. ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இல்லைன்னா போன் பண்ணுவார். "ஏங்கண்ணு, மூணாவது வரிசையில 5 எங்க வரும்னு நெனைக்கிற?"ன்னுதான் ஆரம்பிப்பார். அந்தத் தாளு என் முன்னாடி இருக்காது, அவருக்கும் தெரியும். நானும் "சொல்லுங்ப்பா, அந்த வரிசையில என்னென்ன இருக்குது"ன்னு கேட்டுக்குவேன். முக்கா மணி நேரம் ஓடிடும்.

டிஸ்கி 1: உங்க வீட்டுல யாராவது சுடோகு போட்டுட்டு இருந்தா, தயவுசெஞ்சு போனை எடுத்து விடையைக் காட்டாதீங்க. பட்டவன் சொல்றேன்.

டிஸ்கி 2: நாலு மூலைச் சமாச்சாரத்துக்கு உங்க வீட்டுல வேற பேரு இருந்தாச் சொல்லுங்க. அப்பாகிட்டக் காட்டணும் :)